பூமியை எடைபோட்ட மலை

ஸ்காட்லாந்து நாட்டின் நடுப்பகுதியில், பெர்த்ஷயர் வட்டாரத்தில், தனித்து நிற்கும் மலை ஒன்று உண்டு. அதன் பெயர் ஷீஹாலியன். உயரம் 1,083 மீட்டர். சபா மாநிலத்தின் கினாபாலு மலை 4,095 மீட்டர் உயரம் கொண்டது. அதனோடு ஒப்பிட்டால் ஷீஹாலியன் கால்பங்கு உயரத்தைத்தான் எட்டும். ஆயினும், உலகின் எத்தனையோ பெரிய மலைகளுக்குக் கிட்டாத பெருமை இந்தச் சிறிய மலைக்குக் கிட்டியது. பூமியின் எடையைக் கணக்கிட மனிதனுக்கு முதன்முதலில் வழிகாட்டியது இம்மலையே.

மனிதனுக்கு அத்தகைய அறிவைத் தந்த மலை, பிற்காலத்தில் மனிதனின் காலடிகளாலேயே காயம்பட்டது. அந்தக் காயத்தை ஆற்றியவர்களும் மனிதர்களே. ஷீஹாலியனின் வரலாறு இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்கிறது.

மலையும் அதன் சுற்றமும்

'ஷீஹாலியன்' என்பது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக் மொழியிலிருந்து வந்த பெயர். 'கலிடோனிய மக்களின் தேவதை மலை' என்று அதற்குப் பொருள் கூறுவர். கலிடோனியர் என்போர் பண்டைக் காலத்தில் அப்பகுதியில் வாழ்ந்த மக்கள். மலைக்குள் தேவதைகள் குடியிருப்பதாக ஊர்ப் பெரியவர்கள் கதை சொல்லி வந்தனர்.

கேலிக் மொழியில் ஏரியை 'லொக்' என்பார்கள். ஷீஹாலியனைச் சுற்றி மூன்று பெரிய ஏரிகள் உள்ளன. வடமேற்கில் ரானொக் ஏரி, வடகிழக்கில் டம்மல் ஏரி, தெற்கில் டே ஏரி. ரானொக் ஏரி ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கிழக்கு முனையில் கின்லொக் ரானொக் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஏரியின் பக்கமிருந்து பார்ப்பவர்களுக்கு ஷீஹாலியன் கூம்பு வடிவில் தெரியும். அருகில் சென்று பார்த்தால்தான், அது கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் முகடு என்பது விளங்கும். இந்த வடிவமே பின்னாளில் அறிவியலுக்குக் கைகொடுத்தது.

மலையின் உச்சிப்பகுதி முழுவதும் குவார்ட்சைட் என்னும் கடினமான வெண்சாம்பல் நிறப் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே மண் குறைவு. அதற்குக் கீழே ஹெதர் எனப்படும் குறுஞ்செடிகள் கோடையின் இறுதியில் ஊதா நிறப் பூக்களைப் போர்த்திக் கொள்ளும். உயரமான சரிவுகளில் டார்மிகன் என்னும் பறவையும் மலைமுயலும் வாழ்கின்றன. பனிக்காலம் வந்ததும் இவ்விரண்டும் வெண்ணிறத்திற்கு மாறிவிடும். வெண்பனியில் அவற்றைக் கண்டுபிடிப்பது கழுகுக்கும் எளிதன்று.

மலையின் தென்புறத்தில் 'பெரிய பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் கிளென் மோர் உள்ளது. முற்காலத்தில் கோடை வந்தால் கிராம மக்கள் தங்கள் மாடுகளை இங்கு ஓட்டி வந்து மேய்த்தனர். சிறு குடிசைகள் கட்டித் தங்கிப் பாலும் பாலாடைக்கட்டியும் செய்தனர். அக்குடிசைகளின் கல் அடித்தளங்களை இன்றும் புல்லுக்கிடையே காணலாம்.

விடை தெரியாத வினா

பதினெட்டாம் நூற்றாண்டில் அறிஞர்கள் பூமியின் உருவத்தையும் அளவையும் ஓரளவு சரியாக அறிந்திருந்தனர். ஆனால், பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்பது எவருக்கும் தெரியவில்லை. மேலே காணும் பாறைதான் உள்ளேயும் நிறைந்துள்ளதா? அதைவிடக் கனமான பொருள் உள்ளதா? அல்லது உட்புறம் வெற்றிடமா? பூமி உள்ளீடற்ற கோளமாக இருக்கலாம் என்று கருதிய அறிஞரும் இருந்தனர்.

இதற்கு விடை காண ஒரு வழி இருந்தது. பொருள்கள் அனைத்தும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்று ஐசக் நியூட்டன் முன்னரே விளக்கியிருந்தார். அப்படியானால், ஒரு மலையும் தன் அருகிலுள்ள பொருளைச் சிறிதளவு ஈர்க்க வேண்டும் அல்லவா? மலையின் ஈர்ப்பையும் பூமியின் ஈர்ப்பையும் ஒப்பிட்டால், மலையைவிடப் பூமி எத்தனை மடங்கு கனமானது என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால், மலையின் ஈர்ப்பு மிக மிகச் சிறியது. அதை அளப்பது இயலாது என்றே நியூட்டன் கருதினார். 1738ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர்கள் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலையில் அதனை அளக்க முயன்றனர். கடுங்குளிரும் காற்றும் அவர்களைத் திணறடித்தன. உறுதியான முடிவு கிட்டவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர், இலண்டனிலுள்ள அரச அறிவியல் கழகம் இம்முயற்சியை மீண்டும் கையிலெடுத்தது. ஏற்ற மலையைத் தேடும் பொறுப்பு 1773ஆம் ஆண்டில் சார்ல்ஸ் மேசன் என்னும் நில அளவையாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தேர்ந்தெடுத்த மலை ஷீஹாலியன். அதற்குக் காரணங்கள் இருந்தன. அதன் அருகில் வேறு பெரிய மலைகள் இல்லை. எனவே, பிற மலைகளின் ஈர்ப்பு குறுக்கிடாது. அது கிழக்கு மேற்காக நீண்டிருந்ததால், வடபுறமும் தென்புறமும் செங்குத்தாக இருந்தன. இருபுறமும் மலையின் நடுப்பகுதிக்கு மிக அருகில் கருவிகளை வைக்க முடிந்தது.

தூக்குக்குண்டு சொன்ன செய்தி

சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கக் கொத்தனார் நூலில் கட்டிய குண்டைத் தொங்கவிடுவார். அதுவே தூக்குக்குண்டு. பூமி அதனை நேர் கீழே இழுக்கும். ஆனால், பக்கத்தில் பெரிய மலை இருந்தால், குண்டு மலையை நோக்கி மயிரிழை அளவு சாயும். மலையின் வடபுறத்தில் தொங்கவிட்டால் தெற்கு நோக்கிச் சாயும். தென்புறத்தில் தொங்கவிட்டால் வடக்கு நோக்கிச் சாயும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. எது நேர், எது சாய்வு என்று நமக்குச் சொல்வதே தூக்குக்குண்டுதான். அதுவே சாய்ந்துவிட்டால், சாய்ந்ததை எப்படி அறிவது? மலையின் ஈர்ப்புக்கு எட்டாத ஒன்றைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். அது விண்மீன்.

பூமி உருண்டை வடிவானது. எனவே, தெற்கிலிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றால், அதே விண்மீன் வானில் சற்று இடம் மாறித் தெரியும். இரு இடங்களுக்கும் இடையிலான தூரத்தைத் தரையில் அளந்தால், அந்த மாற்றம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம். தூக்குக்குண்டை வைத்துப் பார்க்கும்போது அதைவிடக் கூடுதலாக மாற்றம் தெரிந்தால், அந்தக் கூடுதல் மலை செய்த வேலை.

மலைச்சரிவில் ஒரு கோடைக்காலம்

1774ஆம் ஆண்டுக் கோடையில் நெவில் மாஸ்கலின் ஷீஹாலியனுக்கு வந்து சேர்ந்தார். அவர் இங்கிலாந்தின் அரச வானியலாளர். கிரீனிச் நகரின் வசதியான ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு, மலைச்சரிவில் அமைத்த எளிய குடிலில் தங்கினார். முதலில் மலையின் தென்புறத்திலும் பின்னர் வடபுறத்திலும் தொலைநோக்கியை நிறுவினார்.

அவருக்குத் தேவைப்பட்டது மேகமில்லாத இரவு. ஸ்காட்லாந்து மலைகளிலோ அது அரிது. மழையும் மூடுபனியும் மாறி மாறி வந்தன. பல இரவுகள் வீணாயின. வானம் வெளுக்கும் வரை அவர் பொறுமையோடு காத்திருந்தார். மேகம் விலகிய சிறு இடைவெளிகளில் ஒவ்வொன்றாக அளந்து குறித்துக் கொண்டார். இவ்வாறு 40க்கும் மேற்பட்ட விண்மீன்களை அவர் 300க்கும் அதிகமான முறை அளந்தார். அவர் விண்ணை அளந்து கொண்டிருந்த வேளையில், நில அளவையாளர்கள் மலையைச் சுற்றி ஏறி இறங்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களின் உயரத்தையும் திசையையும் குறித்தனர்.

பணி முடிந்ததும் ஊர்மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து விருந்து உண்டு மகிழ்ந்தனர். அவ்விருந்தின்போது குடில் தீப்பற்றி எரிந்ததாகவும், குழுவுக்கு உதவியாக இருந்த உள்ளூர் இளைஞர் ஒருவரின் வயலின் அதில் சாம்பலானதாகவும் அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பல இரவுகளில் அந்த வயலின் இசைதான் குளிரில் நடுங்கியவர்களுக்கு ஆறுதல் தந்ததாம். மாஸ்கலின் இலண்டன் திரும்பியதும் அந்த இளைஞருக்குப் புதிய வயலின் ஒன்றை அனுப்பி வைத்தாராம்.

அளவீடுகள் என்ன காட்டின? வட்டத்தின் ஒரு பாகையை 3,600 சம பங்குகளாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு 'விகலை' எனப்படும். இரு இடங்களுக்கும் இடையிலான தூரத்தின்படி, விண்மீன்களின் நிலை சுமார் 43 விகலை மாறியிருக்க வேண்டும். ஆனால், மாஸ்கலின் கண்ட மாற்றம் சுமார் 54.6 விகலை. கூடுதல் 11.6 விகலை. அஃதாவது, ஒவ்வொரு பக்கத்திலும் தூக்குக்குண்டு ஏறக்குறைய 6 விகலை சாய்ந்திருந்தது. பத்து மீட்டர் நீளமுள்ள நூலில் குண்டைத் தொங்கவிட்டால், அது விலகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவுதான்! அளக்க இயலாது என்று நியூட்டன் கருதியது அளக்கப்பட்டுவிட்டது.

கோடுகளால் வரைந்த மலை

பாதி வேலைதான் முடிந்திருந்தது. மலையின் ஈர்ப்பு தெரிந்துவிட்டது. மலையின் கனம் தெரிய வேண்டும். ஒழுங்கற்ற வடிவமுள்ள ஒரு மலையின் கன அளவைக் கணக்கிடுவது எப்படி? அந்தப் பொறுப்பை ஏற்றவர் சார்ல்ஸ் ஹட்டன் என்னும் கணித ஆசிரியர். அவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் தாமும் சுரங்கத்தில் வேலை செய்தவர். தம் உழைப்பால் படித்துப் பேராசிரியராக உயர்ந்தவர்.

அவர்முன் எண்கள் மலைபோல் குவிந்திருந்தன. வரைபடம் முழுவதும் எண்களாக இருந்ததால் மலையின் வடிவமே புலப்படவில்லை. அப்போது ஹட்டன் ஒரே உயரமுள்ள இடங்களைத் தேடி, அவற்றை ஒரு கோட்டால் இணைத்தார். அடுத்த உயரத்திற்கு அடுத்த கோடு. கோடுகள் கூடக் கூட மலையின் வடிவம் தாளில் தெளிவாக எழுந்து நின்றது. இவையே சமவுயரக் கோடுகள். நிலத்தின் உயரத்தைக் காட்ட இம்முறையைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் ஹட்டன். இன்று புவியியல் பாடத்தில் மாணவர்கள் வரைபடத்தைப் பார்த்து எது மேடு, எது பள்ளம் என்று சொல்வதற்கு இக்கோடுகளே உதவுகின்றன.

பின்னர் அவர் மலையைப் பல நூறு தூண்களாகப் பிரித்ததாகக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு தூணின் ஈர்ப்பையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டினார். கணினி இல்லாத காலம் அது. 1778ஆம் ஆண்டில் அவர் தம் முடிவை வெளியிட்டார். பூமியின் சராசரி அடர்த்தி மலையின் அடர்த்தியைப்போல் ஒன்பதுக்கு ஐந்து என்னும் விகிதத்தில் மிகுதியாக இருந்தது. அதன்படி பூமி, அதே அளவுள்ள நீரைப்போல் 4.5 மடங்கு கனமானது. இன்றைய கணக்குப்படி அது 5.5 மடங்கு. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிழை இருந்தாலும், அடிப்படை உண்மை வெளிப்பட்டுவிட்டது. பூமி உள்ளீடற்றது அன்று. மேலே தெரியும் பாறையைவிடக் கனமான பொருள் அதன் உள்ளே உள்ளது. அது உலோகமாக இருக்கலாம் என்றும் ஹட்டன் சரியாகவே ஊகித்தார்.

மலை பட்ட காயம்

காலம் மாறியது. மலையேற்றம் பலருக்கும் விருப்பமான பொழுதுபோக்காயிற்று. ஹியூ மன்றோ என்பவர் 1891ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேல் உயரமுள்ள மலைகளின் பட்டியலை வெளியிட்டார். அப்பட்டியலில் உள்ள மலைகள் அவர் பெயராலேயே 'மன்றோ' என்று அழைக்கப்படுகின்றன. எல்லா மன்றோக்களிலும் ஏறிவிட வேண்டும் என்பது பலரின் வாழ்நாள் ஆசை. ஷீஹாலியனும் ஒரு மன்றோ. எளிதில் சென்றடையக் கூடியதும் அதிகக் கடினமில்லாததுமான மலை என்பதால், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கு வந்தனர்.

ஒருவர் நடந்தால் புல் மடங்கி மீண்டும் நிமிரும். ஆயிரம் பேர் நடந்தால் புல் மடியும். பல்லாயிரம் பேர் நடந்தால் மண்ணே பெயர்ந்துவிடும். ஷீஹாலியனின் சரிவில் பீட் எனப்படும் கரிய மண் படிந்துள்ளது. தாவரங்கள் நீரில் ஊறி மெதுவாக மக்கியதால் உருவான மண் அது. கைப்பிடி அளவு மண் உருவாகவே நீண்ட காலம் பிடிக்கும். நடந்தவர்களின் காலடியில் அது சேறாகியது. சேற்றைத் தவிர்க்க அடுத்து வந்தவர்கள் ஓரமாக நடந்தனர். அந்த ஓரமும் சேறாயிற்று. இப்படிப் பாதை ஆண்டுக்காண்டு அகன்றுகொண்டே போனது. மழைநீர் அதில் வாய்க்கால்போல் ஓடி மண்ணை அரித்துச் சென்றது. தொலைவிலிருந்து பார்த்தாலே மலையின் மேல் ஒரு நீண்ட தழும்பு தெரிந்தது. இதில் வருத்தத்திற்குரிய செய்தி என்னவென்றால், மலைக்கு இத்தீங்கைச் செய்தவர்கள் அதன் பகைவர்கள் அல்லர், அதனை நேசித்தவர்கள்.

1999ஆம் ஆண்டில் ஜான் மியுர் அறக்கட்டளை மலையின் கிழக்குப் பகுதியை உச்சியோடு சேர்த்து வாங்கியது. ஜான் மியுர் ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இயற்கைக் காவலர். அவர் பெயரில் இயங்கும் இந்த அறக்கட்டளை முதலில் கையிலெடுத்த பணி, பாதையைச் சீரமைப்பது. பழைய வழியை மூடிவிட்டு, மலைக்கு ஏற்ற வேறு வழியில் புதிய பாதை அமைக்கப்பட்டது. கற்கள் ஒவ்வொன்றாகப் பதிக்கப்பட்டன. மழைநீர் பாதையை அரிக்காமல் விலகி ஓட வடிகால்கள் வெட்டப்பட்டன. 2003ஆம் ஆண்டில் அப்பணி நிறைவுற்றது. பழைய தழும்பின் மீது மெல்ல மெல்லப் புல்லும் ஹெதரும் படர்ந்தன.

பணி அதோடு முடிந்துவிடவில்லை. வடிகால் அடைத்துக் கொண்டால் ஒரே மழைக்காலத்தில் பாதை மீண்டும் அரிபடத் தொடங்கும். எனவே, தொண்டூழியர்கள் வந்து அடைப்பை நீக்குகின்றனர். பெயர்ந்த கற்களைத் திரும்பப் பதிக்கின்றனர். அருகிலுள்ள டுன் கொய்லிக் என்னும் குன்றை 2002ஆம் ஆண்டில் அவ்வட்டார மக்களே கூட்டாக வாங்கி, அதில் உள்நாட்டு மரங்களை நட்டு வளர்த்து வருகின்றனர். ஓநாய்கள் அழிந்துபோன ஸ்காட்லாந்தில் செம்மான்களின் எண்ணிக்கை பெருகி, இளங்கன்றுகளை அவை மேய்ந்துவிடுகின்றன. ஆகவே, மரம் நடுவதோடு அதனைக் காப்பதும் கடமையாகிறது.

கருவனமும் முதுமரமும்

மலையைச் சுற்றியுள்ள இடங்களும் இதே பாடத்தைப் புகட்டுகின்றன. ரானொக் ஏரியின் தென்கரையில் 'கருவனம்' என்னும் பொருளில் அழைக்கப்படும் பைன் காடு உள்ளது. ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் பரந்து கிடந்த பழம்பெரும் காட்டில் இன்று எஞ்சியிருப்பது மிகச் சிறு பகுதியே. அவ்வாறு எஞ்சியவற்றுள் கருவனமும் ஒன்று. பல நூற்றாண்டுகள் கோடரிக்கு இரையான இக்காடு, இரண்டாம் உலகப் போரின்போதும் மரத்தேவைக்காக வெட்டப்பட்டது. இன்று அது பாதுகாக்கப்படுகிறது.

இத்தகைய காடுகளை நம்பி வாழ்ந்த கேப்பர்கேலி என்னும் பெரிய பறவை, வேட்டையாலும் காடழிப்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தே மறைந்தது. 1837ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டிலிருந்து பறவைகளைக் கொண்டு வந்து, டே ஏரியின் அருகே விட்டனர். அவை பெருகிப் பரவின. ஆனால், இப்போது அவற்றின் எண்ணிக்கை மறுபடியும் குறைந்து வருகிறது. இழந்ததை ஒருமுறை மீட்டுவிட்டால் போதாது. மீட்டதைத் தொடர்ந்து காக்க வேண்டும் என்பதற்கு இப்பறவையே சான்று.

மலையின் தெற்கே ஃபோர்ட்டிங்கல் என்னும் சிற்றூர் உள்ளது. அதன் தேவாலய வளாகத்தில் ஒரு யூ மரம் நிற்கிறது. அதன் வயது ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் என்று மதிப்பிடுகின்றனர். 1769ஆம் ஆண்டில் அளந்தபோது அதன் அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 16 மீட்டர் இருந்தது. அதன்பின் வந்தவர்கள் நினைவுப் பொருளாக ஆளுக்கொரு துண்டு வெட்டிச் சென்றதால் மரம் சிதைந்தது. 'ஒரு துண்டுதானே' என்று ஒவ்வொருவரும் எண்ணினர். இறுதியில் மரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. ஆண் மரமாக அறியப்பட்ட அதன் ஒரு கிளையில் 2015ஆம் ஆண்டில் செந்நிறக் கனிகள் காணப்பட்டன. கனி தருவது பெண் மரமே. இத்தனை முதுமையிலும் அம்மரம் அறிஞர்களை வியக்க வைத்தது.

நிறைவாக

ஷீஹாலியனின் அடிவாரத்தில், பிரேஸ் ஆஃப் ஃபாஸ் என்னும் இடத்தில், மாஸ்கலினின் ஆய்வை நினைவூட்டும் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கிருந்தே புதிய பாதையும் தொடங்குகிறது. மேகம் விலகக் காத்திருந்து, விண்மீன்களை ஒவ்வொன்றாக அளந்தவரின் பொறுமையைக் கல்வெட்டு சொல்கிறது. ஒவ்வொரு கல்லாகப் பதித்தவர்களின் பொறுமையைப் பாதை சொல்கிறது.

தூக்குக்குண்டை மலை இழுத்த அளவு மிகச் சிறியது. ஆயினும், அதைக் கூட்டிக் கணக்கிட்டபோது பூமியின் எடையே தெரிய வந்தது. ஒரு மனிதனின் காலடி மலைக்குச் செய்யும் தீங்கும் மிகச் சிறியதுதான். அவற்றைக் கூட்டினால் மலையே தேய்கிறது. அதுபோலவே, ஒருவர் பதிக்கும் ஒரு கல்லும் நடும் ஒரு கன்றும் சிறியவை. அவற்றைக் கூட்டினால் மலை மீள்கிறது. சிறியது என்று எதையும் தள்ளிவிடாமல் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதே ஷீஹாலியன் மலை கற்றுத் தரும் பாடம்.

சிந்தித்து விடை எழுதுக

1. பூமியின் எடையைக் கணக்கிட ஷீஹாலியன் மலை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான காரணங்கள் யாவை?
2. தூக்குக்குண்டு சாய்ந்திருப்பதை அறிய விண்மீன்கள் ஏன் தேவைப்பட்டன?
3. சமவுயரக் கோடுகளை வரைய வேண்டிய தேவை ஹட்டனுக்கு எவ்வாறு ஏற்பட்டது?
4. 'மலைக்கு இத்தீங்கைச் செய்தவர்கள் அதன் பகைவர்கள் அல்லர், அதனை நேசித்தவர்கள்.' இக்கூற்றை விளக்குக.
5. உமது வட்டாரத்திலுள்ள ஒரு குன்று, காடு அல்லது நீர்நிலையை மக்கள் அதிகமாக நாடுவதால் ஏற்படும் விளைவுகளையும் அதனைக் காக்கும் வழிகளையும் பற்றி ஒரு கட்டுரை எழுதுக.